கான் வெட்டாத மலையில் கிலோ எங்கிருந்து வரும்?

(ஹட்டன் பகுதித் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் கிளைத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு "மண்" என்று தலைப்புக் கொடுத்ததும் கமிட்டிக்குள்ளேயே சிலர் சிரித்தார்கள். "சம்பளப் பிரச்சினை கிடக்குது, லயத்துக் கூரை ஒழுகுது, இதுக்குள்ள மண்ணைப் பத்தி என்ன பேச்சு?" என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் சம்பளத்திலிருந்தே பதில் சொல்லத் தொடங்குவோம்.

2021இல் சம்பளச் சபை மூலம் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்தது. அதற்குப் பிறகும் கூடியிருக்கிறது, 2024இல் 1,350 ரூபாய் ஆனது. அந்த ஆயிரம் ரூபாய் வந்த கையோடு பல தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிலோவைக் கூட்டினார்கள். பதினாறு பதினெட்டாயிற்று, பதினெட்டு இருபதாயிற்று. கிலோ எடுக்காத ஆளுக்கு அரைப் பேர். இதை எதிர்த்துப் பிரட்டுக்களத்தில் பேசினோம், தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினோம், இன்னும் பேசத்தான் போகிறோம். ஆனால் அந்தச் சண்டைகளில் நாம் அதிகம் எடுக்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே ஆள், அதே கை, அதே கூடை. ஒரு மலையில் பகல் இரண்டு மணிக்கே இருபது கிலோ நிறைகிறது. அடுத்த மலையில் நாலரை மணிக்கும் பன்னிரண்டைத் தாண்ட முடியவில்லை. ஏன்?

கொழுந்தெடுக்கும் அக்காமாரைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: "அந்த மலையில மண்ணே இல்ல, வெறும் கல்லு." அவர்கள் சொல்வதும் விஞ்ஞானிகள் சொல்வதும் ஒன்றுதான்.

நம்முடைய மேட்டு நிலத்து மண்ணுக்குப் புத்தகத்தில் சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் மண் என்று பெயர். பெயர் போகட்டும். முக்கியமானது, அதில் பலம் எல்லாம் மேல் தட்டில் இருக்கிறது என்பது. இலை தழை மக்கிய கறுப்பு மண், மண்புழு, தேயிலையின் மெல்லிய உணவு வேர்கள், போட்ட உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி எல்லாம் மேலே ஒரு முழத்துக்குள். அதற்குக் கீழே போனால் சிவந்த களியும் உக்கிய பாறையும்தான். மழை அடிக்கும்போது முதலில் கழுவிக்கொண்டு போவதும் அந்த மேல் தட்டைத்தான். அதிலும் கனமான கல்லை விட்டுவிட்டு, சத்துள்ள மெல்லிய மண்ணைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பழைய மலைகளில் கல் முளைத்தது போலத் தெரிகிறது. கல் முளைக்கவில்லை, சுற்றியிருந்த மண் போய்விட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். ஆடி மாதப் பெருமழை அன்று மூன்று போத்தல்களில் தண்ணீர் பிடித்தோம். ஒன்று, மேலே காட்டுத்துண்டிலிருந்து வரும் ஓடையில். இரண்டாவது, வாது மூடிய நல்ல வி.பி. தேயிலை மலையின் கானில். மூன்றாவது, காலியிடம் விழுந்த பழைய விதைத் தேயிலை மலைக்குக் கீழே. மறுநாள் காலையில் முதல் போத்தல் தெளிந்திருந்தது. இரண்டாவதில் அடியில் கோடு போட்ட மாதிரிக் கொஞ்சம் மண். மூன்றாவதில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு, மேலே நின்ற தண்ணீரும் தேத்தண்ணி நிறம். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இது ஒரு போத்தல்தானே, அப்ப ராத்திரி முழுக்க எவ்வளவு போயிருக்கும்?"

அதற்கும் கணக்கு இருக்கிறது. மண்காப்பு வேலை இல்லாத பழைய விதைத் தேயிலை நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 40 தொன் அளவுக்கு மண் கழுவிப் போகிறது என்று 1980களில் இந்த நாட்டின் மண் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏக்கர் கணக்கில் பார்த்தால் 16 தொன். மூன்று தொன் ஏற்றும் லொறியில் ஐந்து லொறி மண், ஒரு ஏக்கரிலிருந்து, ஒவ்வொரு வருஷமும். ஒரு வருஷத்தில் அது மூன்று மில்லிமீற்றர் கனம்தான். கண்ணுக்குத் தெரியாது, துரைக்கும் தெரியாது. நூறு வருஷத்தில் அது முப்பது சென்றிமீற்றர், அதாவது ஒரு அடி. மலைநாட்டுத் தேயிலை நிலங்கள் ஏறத்தாழ அந்த ஒரு அடியை இழந்துவிட்டன என்பதுதான் அந்த ஆய்வுகளின் முடிவு.

அதே ஆய்வுகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நன்றாகப் பராமரித்த வி.பி. தேயிலையில், வாது மூடி, கான் சரியாக இருந்தால், இழப்பு ஹெக்டேயருக்கு ஒரு தொன்னுக்கும் குறைவு. மழையும் அதே மழை, சரிவும் அதே சரிவு. ஆகவே "மலைநாடு என்றால் மண் போகத்தான் செய்யும், இயற்கை" என்று யாராவது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னால், நாம் தலையாட்டத் தேவையில்லை. மண் நிற்பதும் போவதும் அந்த மலையில் எத்தனை ஆள் பேர், எந்த வேலைக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த மலைகளில் மண் போகத் தொடங்கியது எப்போது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே உங்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். முதலில் இங்கே காடு இருந்தது. 1840இல் வெள்ளைக்கார அரசாங்கம் முடிக்குரிய நிலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, பத்திரம் காட்ட முடியாத நிலத்தை அரசாங்க நிலமாக்கி விற்றது. நிலத்தை இழந்தவர்கள் கண்டிச் சிங்களக் கிராமத்து மக்கள், காட்டை வெட்டிச் சுட்டுக் கோப்பிக் கன்று நட்டவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம் முன்னோர். இரண்டு பக்கத்தாரையும் அப்படித்தான் எதிரெதிரே நிறுத்தினார்கள், அது வேறு கதை. கோப்பித் துரைமாருக்கு நிலம் "கிளீன்" ஆக இருக்கவேண்டும். ஒரு புல் தெரியக்கூடாது. மழைக்கு முன்னால் சுரண்டியால் சுரண்டிய நிலம் எப்படிக் கரையும் என்று சொல்லவா வேண்டும்? 1873இல் அரசாங்கமே பயந்துபோய் ஐயாயிரம் அடிக்கு மேலே காட்டு நிலம் விற்பதை நிறுத்தியது. அதற்குள் 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்துவிட்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்தது.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாதது, கோப்பி அழிந்த இடங்களில் நட்ட தேயிலை ஏற்கெனவே கழுவிப்போன மண்ணில் நட்ட தேயிலை என்பது. சுரண்டிப் பழக்கமும் கோப்பியோடு போகவில்லை, தேயிலைக்குள்ளும் வந்தது. 1931இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழு அறிக்கை கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் 25ஆம் இலக்க மண் காப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. 1996இல் திருத்தமும் செய்தார்கள். நில உடைமையாளர் மண்ணைக் காக்கும் வேலைகளைச் செய்யவேண்டும் என்று கட்டளையிட அதில் அதிகாரம் உண்டு. நம் தொழிற்சங்கங்கள் சம்பளச் சட்டத்தை எடுத்துப் பேசிய அளவுக்கு இந்தச் சட்டத்தை எடுத்ததில்லை.

இனி வேலைக்கு வருவோம். இங்கே நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் ஐயாமாருக்கு மண்வேலை என்றால் என்ன என்று நாங்கள் சொல்லித்தர முடியாது, அவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள். சின்னவர்களுக்காகச் சொல்கிறோம்.

மலையின் சரிவுக்குக் குறுக்கே, தண்ணீர் ஓடாமல் நடந்துபோகிற அளவு லேசான சாய்வில் கான் வெட்டுவார்கள். கானுக்குள் இடையிடையே சின்னத் தடுப்பு விடுவார்கள். மழைத்தண்ணி அந்தத் தடுப்பில் முட்டி, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மழைக்காலம் முடிய அந்தக் குழிகளில் நிறைந்த மண்ணை அள்ளிக் கானுக்கு மேல்பக்கத் தேயிலைத் தூருக்குப் போடவேண்டும். மேல்பக்கம் என்பது முக்கியம். கீழ்பக்கம் போட்டால் அடுத்த மழைக்கு அது போய்விடும். செங்குத்தான இடத்தில் கட்டுக்கல் கட்டுவார்கள். சில தோட்டங்களில் நூறு வருஷத்துக் கட்டுக்கல் இன்னும் அசையாமல் நிற்கிறது, யார் கட்டியது என்று ஒரு பலகையும் இல்லை. இறுகிய மண்ணுக்கு முள்ளுக்குத்து, அதையும் சரிவில் மண்ணைப் புரட்டாமல் குத்தத் தெரிந்தவர்தான் குத்தவேண்டும். கவ்வாத்து வெட்டியதும் மிலாறை மலையிலேயே பரப்பி, டொலமைட் போட்டு, நிலம் மூடாமல் கிடக்கும் அந்த மாதங்களைக் கடத்த வேண்டும். நிழல் மரமும் முள்முருங்கையும் வெட்டிய கிளைகளும் அப்படியே. காலியிடத்தில் கன்று, கன்று பிடிக்காத இடத்தில் மானாப் புல்.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் புல்லும் எதிரி அல்ல. தரையோடு படரும் புளியாரை மாதிரிப் பூண்டுகள் தேயிலையின் சாப்பாட்டைப் பெரிதாகப் பறிக்காது, மழைத்துளி நேரே மண்ணில் அடிப்பதைத் தடுக்கும். அவற்றை விட்டுவிட்டு உயர்ந்து வளரும் புல்லை மட்டும் கையால் பிடுங்கவேண்டும் என்பது பழைய பரிந்துரை. ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஆளைக் குறைத்து மருந்தடித்தார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். மருந்து நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில், மருந்தடித்துக் காய்ந்த நிலமும் சுரண்டிய நிலத்தைப் போலவே மொட்டையாகத்தான் கிடக்கும் என்பது காதில் விழவே இல்லை.

இந்த வேலைகள் எல்லாம் எப்போது நின்றன? ஒரே நாளில் நிற்கவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போன காலத்திலும் குறைபாடு நிறைய இருந்தது. 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்த பிறகு, உடனே வருமானம் தராத வேலை எதுவோ அதில்தான் முதலில் ஆள் வெட்டினார்கள். கொழுந்தெடுக்கும் ஆளைக் குறைத்தால் அன்றைக்கே தொழிற்சாலைக்குத் தெரியும். கான் வெட்டும் ஆளைக் குறைத்தால் பத்து வருஷத்துக்குப் பிறகுதான் தெரியும், அப்போது அந்த மானேஜர் வேறு தோட்டத்தில் இருப்பார். கம்பனிகளின் குத்தகை 53 வருஷம், 2045இல் முடிகிறது. ஒரு மலையைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு வருஷம் கொவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றி, பிறகு கன்று நட்டு, அது முழுப் பலன் தர ஏழெட்டு வருஷம் ஆகும். குத்தகைக் கடைசியை நோக்கிப் போகிறவர் அந்தச் செலவை ஏன் செய்வார்? ஆண்டுக்கு நூற்றுக்கு 2 வீதம் மீள்நடுகை செய்யவேண்டும் என்பது தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. கம்பனித் தோட்டங்கள் பொதுவாக ஒரு வீதத்தைக்கூட எட்டுவதில்லை. குத்தகைக்காரர் போவார், வருவார். நாம் வந்து 2023இல் இருநூறு வருஷம் ஆயிற்று.

இப்படிச் சொல்லும்போது எல்லாத் தோட்டமும் ஒன்று என்று அர்த்தமில்லை. கானை ஒழுங்காகத் துப்பரவு செய்கிற, காலியிடம் நிரப்புகிற தோட்டங்களும் நம் பகுதியில் இருக்கின்றன. அங்கே கிலோ எடுக்கும் சண்டையும் குறைவாக இருப்பதை நம் தலைவர்களே கவனித்திருப்பீர்கள்.

2021இல் நடந்த உர விஷயத்தையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த வருஷம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. பிறகு உரம் வந்தது, வந்த விலையில் தோட்டங்கள் பாதி உரம்தான் போட்டன. அந்த இரண்டு வருஷமும் வேலைநாள் குறைந்து நாம் பட்டது நமக்குத் தெரியும். சேதன உரம் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை, இவ்வளவு நேரமும் மக்கின இலையின் பெருமையைத்தான் பேசினோம். இருபது வருஷம் மண்ணைத் தேற்றிவிட்டுச் செய்யவேண்டியதை மண் போன மலையில் ஒரு வர்த்தமானியால் செய்யப்பார்த்ததுதான் பிழை. மேல் மண் உள்ள மலை ஒரு பருவம் உரம் இல்லாவிட்டாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மண் இல்லாத மலை உரமூட்டையை நம்பி உயிர் வாழ்கிறது. அந்த மலையில் போடுகிற உரத்திலும் ஒரு பங்கு அடுத்த மழைக்குக் கானோடு போகிறது.

அடுத்து, நமக்குள்ளேயே பேசவேண்டிய ஒரு விஷயம். மிலாறு. கவ்வாத்து மலையிலிருந்து மிலாறு கட்டிக்கொண்டு போவது மண்ணைக் கெடுக்கிறது என்று தோட்ட நிர்வாகம் சொல்கிறது, சில இடங்களில் மிலாறு எடுத்த பெண்களுக்கு எழுத்தில் எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறார்கள். மண் விஷயத்தில் நிர்வாகம் சொல்வது சரி. ஒரு கவ்வாத்தில் விழும் இலையும் மிலாறும் அந்த மலைக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் பெரிய சாப்பாடு. ஆனால் லயத்தில் அடுப்பு எதால் எரிவது? காஸ் விலை என்ன, நாட்சம்பளம் என்ன? முன்பு தோட்டத்தில் விறகுக்கென்று சவுக்கும் கருப்பந்தேயிலையும் நட்ட துண்டுகள் இருந்தன. அந்த மரங்களை வெட்டி லொறியில் ஏற்றிய பிறகு, மிலாறு தூக்கும் பெண்ணைக் கள்ளியாக்குவதை நாம் ஏற்க முடியாது. நம் கிளைகள் சொல்லவேண்டியது இதுதான்: இலையையும் மெல்லிய மிலாறையும் மலையில் விட நாங்கள் தயார், ஒவ்வொரு டிவிஷனுக்கும் விறகுத் துண்டு ஒன்றை ஒதுக்கித் தாருங்கள். தடித்த கட்டையை எடுப்பதில் மண்ணுக்குப் பெரிய நட்டம் இல்லை. இப்படிப் பேசினால் பேச்சு நகரும்.

மலையை விட்ட மண் எங்கே போகிறது என்று பார்த்தால், நாம் இருக்கும் இந்த ஹட்டன் மேடு இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது. பொகவந்தலாவ, நோர்வூட் பக்கத்து மண் கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீக்குப் போகும், மஸ்கெலியாப் பக்கத்து மண் மவுசாகலைக்கு. கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்து மண் கொத்மலை ஓயாவில் விழுந்து மேல் கொத்மலை அணைக்கும், அதைத் தாண்டி மகாவலிக்கும். கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்ல அணை 1976இல் திறக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு 44 வீதம் சேற்றால் நிறைந்துவிட்டது. அது முழுக்கத் தேயிலை மண் என்று சொல்ல முடியாது. மரக்கறித் தோட்டம், புகையிலை, வீதி வெட்டிய மண் எல்லாம் சேர்ந்ததுதான். நுவரெலியா, கந்தப்பளை பக்கம் கிழங்குக்கும் கரட்டுக்கும் சரிவில் மேலிருந்து கீழாக பாத்தி பிடிக்கும் நிலங்களில் மண் எப்படிப் போகிறது என்று அங்கே கூலிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கொழும்பில் மின்விளக்கு எரிவதற்கும் நம் மலையில் கான் துப்பரவாக இருப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. மின்சாரசபையும் மகாவலி அதிகாரசபையும் சேறு அள்ளுவதற்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு, மேலே அதைத் தடுக்கும் தொழிலாளிக்குச் சம்பளமாக வரக்கூடாதா? இதை நாம் அமைச்சுகளுக்கு எழுதப்போகும் மகஜரில் சேர்க்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மண் மெல்ல மெல்லக் கழுவிப்போவது ஒன்று. மலையே சரிந்து வருவது இன்னொன்று. இரண்டும் ஒரே விஷயம் இல்லை. மேல் மண் கழுவிப்போவது மழைத்தண்ணி மேலால் ஓடுவதால். மண்சரிவு, தண்ணீர் உள்ளே ஆழமாக இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தேங்கி, முழுப் பாரத்தோடும் மலை வழுக்குவதால். ஆனால் தூர்ந்துபோன கான் இரண்டுக்கும் உதவுகிறது. போகவேண்டிய தண்ணீர் போகாமல் லயத்துக்கு மேலே நிற்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மக்களுக்கு மாற்றுக் காணி இல்லாமல் எச்சரிக்கை மட்டும் இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மறுபடியும் அதையே பார்த்தோம். நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள்.

ஆகவே இதைக் கவனமாகக் கேளுங்கள். லயத்துக்கு மேலே நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்தால், சுவரில் ஏற்கெனவே இருந்த வெடிப்பு அகன்றால், கதவு ஜன்னல் திடீரென்று இறுகினால், மரமோ தூணோ சாய்ந்தால், இல்லாத இடத்தில் ஊற்று வந்தால், இருந்த ஊற்று நின்றால், தெளிந்த தண்ணீர் கலங்கினால், நிர்வாகம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் இறக்குங்கள். கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். அன்றைய பேர் போனால் அதற்குச் சங்கம் சண்டை பிடிக்கும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆபத்து வரைபடம் என்ன சொல்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குவது கமிட்டித் தலைவரின் வேலை.

கடைசியாக, இப்போது பல தோட்டங்களில் பேசப்படும் வருமானப் பங்கீட்டு முறை. ஆயிரம், இரண்டாயிரம் தேயிலை மரத்தை ஒரு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, நீயே பராமரி, கொழுந்தை எங்களிடம் கொடு, கிலோவுக்கு இவ்வளவு என்கிறார்கள். சங்கத்துக்குள்ளேயே இதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. இன்று நாட்டின் தேயிலையில் முக்கால் பங்கு அளவுக்குச் சிறு தோட்டக்காரரிடமிருந்து வருகிறது, அவர்களுடைய ஏக்கர் விளைச்சலும் கம்பனிகளைவிட அதிகம். சொந்த மண் என்றால் மனுஷன் கவனிப்பான் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர்கள் கையில் உறுதி இருக்கிறது. நம் கையில் தருவது ஒரு தாள், பல இடங்களில் அதுவும் இல்லை. எந்த மலையைத் தருகிறார்கள் என்றும் பாருங்கள். காலியிடம் விழுந்து, கான் தூர்ந்து, கம்பனிக்கே கட்டாத மலைகளைத்தான் முதலில் பிரிக்கிறார்கள். அந்த மலையைத் தேற்றக் கான் வெட்டுவது யார்? கட்டுக்கல் கட்டுவது யார்? நாமும் நம் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமையில், பேர் இல்லாமல், ஊழியர் சேமலாப நிதி இல்லாமல். ஐந்து வருஷம் கழித்து மலை தேறியதும் திருப்பிக் கேட்டால் எந்தச் சட்டத்தைக் காட்டுவோம்? ஆகவே இந்த முறையை ஏற்பதானால் மூன்று விஷயம் எழுத்தில் வரவேண்டும்: எத்தனை வருஷத்துக்கு என்பது, முதல் மண்வேலைச் செலவு தோட்டத்துடையது என்பது, திருப்பி எடுத்தால் நாம் செய்த மேம்பாட்டுக்கு நட்டஈடு என்பது. இவை இல்லாமல் எந்தக் கிளையும் கையெழுத்துப் போடவேண்டாம்.

வீட்டுக் காணியும் இதோடு சேர்ந்ததுதான். 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ, கொடுத்த இடத்தில் நாலு பக்கமும் வேலியாகக் கிளிரிசீடியாத் தடி ஊன்றுங்கள், சரிவுக்குக் குறுக்கே இரண்டு வரிசை அதிகம் ஊன்றுங்கள். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் நம்மைப் போலவே சரிவு நிலத்தில் வாழும் ஏழை விவசாயிகள் 1970களிலிருந்து இப்படி இரட்டை வரிசை வேலி வைத்து மண்ணைத் தடுத்தார்கள். வெட்டிய தழை பாத்திக்குப் போகும், ஆட்டுக்கும் ஆகும், தடி அடுப்புக்கும் ஆகும். லீக்ஸும் கோவாவும் போடும் பாத்தியைக் குறுக்கே பிடியுங்கள்.

இப்போது வேலை. வாசலில் மேசைமேல் தாள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் டிவிஷனில் மலை வாரியாக இதை எழுதிக் கொண்டுவரட்டும்: மலையின் நம்பர், விதைத் தேயிலையா வி.பி.யா, கடைசியாகக் கான் துப்பரவு செய்தது எந்த வருஷம், அதற்கு எத்தனை பேர் போட்டார்கள், காலியிடம் கண் மதிப்பில் எவ்வளவு, கடைசி மூன்று மாதத்தில் அந்த மலையில் ஒரு ஆளின் சராசரிக் கிலோ எவ்வளவு. கிலோவைக் கொழுந்துத் துண்டைப் பார்த்தே எழுதுங்கள், வாய்க் கணக்கு வேண்டாம். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உதவுவார்கள், நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தத் தாள்களைச் சேர்த்து ஒரு கணக்காக்கி, மண் போன மலைக்குக் குறைந்த கிலோ, மண்வேலைக்கு முழுப் பேர் என்ற இரண்டு கோரிக்கையோடு முதலில் தோட்ட நிர்வாகங்களுக்கும், பிறகு தொழில் ஆணையாளருக்கும், மண் காப்புச் சட்டத்தின் கீழ் விவசாயத் திணைக்களத்துக்கும் கொண்டுபோவோம்.

கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். மேல் டிவிஷன் அம்மாமாருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு, அவர்கள் கேள்வியை முதலில் எடுப்போம்.